கொடி பிறக்கும் ஊர்



சுதந்திர நாளன்று உங்கள் வீட்டு மாடியில் ஏற்றும் கொடியை என்றேனும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்ததுண்டா? அதன் நிறங்கள் மூன்று என்பதும், நடுவே உள்ள நீலச் சக்கரத்திற்கு ஆரங்கள் 24 என்பதும் நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். காவிக்குப் பொருள் என்ன, வெண்மைக்குப் பொருள் என்ன, பச்சைக்குப் பொருள் என்ன என்று பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் யார்? ஆனால் அது என்ன துணி? அதன் நூலை நூற்றவர் யார்? நெய்த கை எது? இந்தக் கேள்விகளை நாம் கேட்பதில்லை. நானும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டதில்லை.

கேட்க வைத்தது 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நாடு விடுதலை பெற்ற 75ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, வீடுதோறும் கொடி ஏற்றுமாறு அரசு கேட்டுக் கொண்டது. அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி விற்றார்கள். என் மகன் ஒன்று வாங்கி வந்தான். பளபளவென்று, சுருக்கமே விழாத கொடி. அதை மாடிக் கம்பியில் கட்டப் போனவனை நான் தடுத்தேன்.

"நம் வீட்டுப் பெட்டியில் உன் பூட்டனார் நெய்த கொடி இருக்கிறதே. அதை ஏற்றக்கூடாதா?" என்றேன்.

"வாப்பா, அது பழையது, கிழிந்துவிடும். தெருவில் எல்லா வீட்டிலும் கொடி பறக்கும்போது நம் வீட்டில் மட்டும் இல்லாவிட்டால்..." என்று சொல்லி நிறுத்திக் கொண்டான்.

அவன் சொல்லாமல் விட்ட பகுதி எனக்கு விளங்கியது. வாசகர்களாகிய உங்களுக்கும் விளங்கும். அன்று நான் ஒன்றும் பேசவில்லை. கொடி கட்டப்பட்டது, பறந்தது. ஆனால் என் மனத்தில் ஒரு முள் தங்கிவிட்டது. கொடி என்பது பிறருக்குக் காட்டும் அத்தாட்சிச் சீட்டா? அல்லது அதற்குள் வேறு ஏதேனும் இருக்கிறதா? அதைத் தேடிச் சென்ற பயணத்தைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

கோட்டையில் ஒரு பட்டுக் கொடி

முதலில் சென்னைக்குச் சென்றேன். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை உங்களில் பலர் பார்த்திருக்கக் கூடும். பார்க்காதவர்கள் வெள்ளிக்கிழமை தவிர்த்து வேறொரு நாளில் போய் வாருங்கள். வெள்ளி அங்கே விடுமுறை. 1795இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், நாணயங்களையும் வாட்களையும் வெள்ளைக்காரக் கவர்னர்களின் படங்களையும் கடந்து சென்றால், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பெரிய கொடியைக் காணலாம். நீளம் 12 அடி, அகலம் 8 அடி. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை 5 மணி 5 நிமிடத்திற்கு இதே கோட்டையில் ஏற்றப்பட்ட கொடி அது. அன்று நாட்டில் ஏற்றப்பட்டவற்றுள் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே என்று தொல்லியல் துறையினர் கூறுகின்றனர். 2013ஆம் ஆண்டு குடியரசு நாள் முதல் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அந்தக் கொடி தூய பட்டால் ஆனது. நிறங்கள் மங்கியிருக்கின்றன. காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்காக அருகே சிலிக்கா மணிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சமும் அளந்தே விடப்படுகிறது. பட்டு அப்படிப்பட்டது. ஒளி அதற்குப் பகை, ஈரமும் பகை. வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் பறப்பதற்கு உரிய துணி அன்று அது. ஒரே ஒரு விடியலுக்காக, அந்த விடியலின் பெருமைக்காகச் செய்யப்பட்ட கொடி. மணமகளின் பட்டுப் புடவையைப் போல, உடுத்தியது ஒருநாள், பாதுகாப்பது காலமெல்லாம்.

அந்தப் பேழையின் முன் நின்றபோதுதான் ஒரு செய்தி எனக்கு உறைத்தது. துணி மாறினால் கொடி சொல்லும் சொல்லும் மாறுகிறது. பட்டுக் கொடி "இது திருநாள்" என்று சொல்கிறது. அப்படியானால் அன்றாடத்தைச் சொல்லும் கொடி எது?

அவையில் இரண்டு கொடிகள்

இதற்கு விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் தேசியக் கொடிக்கான தீர்மானத்தை ஜவாஹர்லால் நேரு கொண்டு வந்தார். தீர்மானத்துடன் கொடியையும் அவைக்குக் காட்டினார். ஒன்றல்ல, இரண்டு கொடிகள். அவர் கையில் இருந்தது பட்டுக் கொடி. மற்றொரு புறம் இருந்தது பருத்திக் கதர்க் கொடி. சௌத்ரி கலீக்குஸ்ஸமான், அஸ்ஸாமைச் சேர்ந்த சையித் முஹம்மது சஅதுல்லா முதலிய முஸ்லிம் உறுப்பினர்களும் அன்று அத்தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார்கள்.

அந்த நாட்களில் கொடியின் மாதிரியை உருவாக்கும் பணியில் ஐ.சி.எஸ். அதிகாரியான பத்ருத்தீன் தையப்ஜியும் அவர் மனைவி சுரையா தையப்ஜியும் ஈடுபட்டார்கள். சக்கரத்தின் வடிவத்தைச் சுரையா அம்மையார் வரைந்ததையும், டில்லித் தையற்கடை ஒன்றில் அவர் மேற்பார்வையில் கொடி தைக்கப்பட்டதையும் அவர்களுடைய மகள் லைலா தையப்ஜி எழுதியிருக்கிறார். இச்செய்தியைப் படித்தபோது நம் சமுதாயப் பெண்மணி ஒருவரின் கை அங்கே இருந்ததே என்று மகிழ்ந்தேன். ஆனால் அதைவிட என்னைக் கவர்ந்தது "தைக்கப்பட்டது" என்ற சொல். கொடி எண்ணத்தில் பிறந்தாலும், ஒரு தையற்காரரின் ஊசிமுனை வழியாகத்தானே உலகுக்கு வந்தாக வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தீர்மானத்தில் நிறங்கள் கூறப்பட்டுள்ளன. அளவு விகிதம் கூறப்பட்டுள்ளது. சக்கரம் ராட்டையைக் குறிப்பது என்றும் கூறப்பட்டுள்ளது; அதன் வடிவம் மட்டும் சாரநாத்தில் உள்ள அசோகர் தூணிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, நம் கொடியின் நடுவே இருப்பது நூல் நூற்கும் கருவியின் நினைவு. இராட்டைப் படம் போய்ச் சக்கரம் வந்ததற்காகக் காந்தியடிகள் மனம் வருந்தியதும் உண்டு. கொடிக்கு உரிய துணி கையால் நூற்று, கையால் நெய்யப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்ற விதி பின்னர் நெடுங்காலம் நின்றது. நடுவே உள்ள சக்கரம் சொல்வதைத் துணியும் சொல்ல வேண்டும் என்பதுதானே அதன் கருத்து?

பெங்கேரிக்குப் பயணம்

2023ஆம் ஆண்டு நவம்பரில் ரயிலேறி ஹூப்ளிக்குச் சென்றேன். அவ்வூர் இப்போது ஹுப்பள்ளி என்று எழுதப்படுகிறது. அங்குள்ள ரயில் மேடையின் நீளம் 1,507 மீட்டர். உலகிலேயே மிக நீண்டது என்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக் கொண்டு அதன் ஒரு பகுதியைக் கடப்பதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கியது. நகரின் ஒரு பகுதிதான் பெங்கேரி. கர்நாடக காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம் இங்கே 17 ஏக்கர் நிலத்தில் அமைந்திருக்கிறது. காந்தியவாதிகள் சிலர் கூடி 1957 நவம்பர் 1 அன்று தொடங்கிய நிறுவனம் அது. 2004இல் இங்கே தேசியக் கொடி செய்யத் தொடங்கினார்கள். 2006இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று கிடைத்தது. செங்கோட்டையிலும் அரசு மாளிகைகளிலும் பறக்கும் கொடிகள் இங்கிருந்து செல்பவை.

தேசியக் கொடி செய்யும் இடம் என்றதும் நான் ஏதோ கம்பீரமான மண்டபத்தை எதிர்பார்த்துச் சென்றேன். கண்டதோ நீண்ட கூடம், வரிசையாகத் தையல் இயந்திரங்கள், அவற்றின் முன் பெண்கள். பெரும்பாலும் பெண்களே. சுவரோரம் காவித் துணி ஒரு குவியல். வெள்ளை ஒரு குவியல். பச்சை ஒரு குவியல். அவை கொடியாவதற்கு முன் வெறும் துணிகள்தாம்.

அங்கே நடக்கும் வேலையை முறையாகச் சொல்கிறேன். வடகர்நாடகத்தின் கரிசல் மண் பருத்திக்குப் பேர் பெற்றது. அந்தப் பருத்தியை ராட்டையில் நூற்கிறார்கள். இப்போது புழங்குவது பல கதிர்கள் கொண்ட அம்பர் ராட்டை. அதை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன். அவர் பெயரே ராட்டைக்கும் நிலைத்தது. நூற்ற நூல் சிட்டமாகிப் பாகல்கோட்டை மாவட்டத்துத் தறிகளுக்குச் செல்கிறது. தார்வாட்டை அடுத்த கரக் என்னும் கிராமமும் 1950களிலிருந்தே கொடித் துணி நெய்வதற்குப் புகழ் பெற்றது. நெய்த துணி மூன்று பங்காகப் பிரிந்து ஒன்று காவிச் சாயத்திற்கும், ஒன்று பச்சைச் சாயத்திற்கும், ஒன்று வெளுப்பதற்கும் போகிறது. பிறகு வெள்ளைத் துணியின் இரு பக்கமும் சக்கரம் அச்சிடப்படுகிறது. ஒரு பக்கத்து ஆரத்தின் மேல் மறு பக்கத்து ஆரம் அணுவும் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தத் துண்டு தள்ளுபடி. அதன்பின் மூன்று துண்டுகளையும் ஒன்றாக இணைத்துத் தைக்கிறார்கள். கம்பத்தை ஒட்டிய ஓரத்திற்குத் தடித்த பழுப்பு நிறக் கதர், அதனுள் கயிறு, கயிற்றின் முனையில் மரக்கட்டை.

கொடியின் அளவுகள் ஒன்பது. மிகப் பெரியது 6,300 மில்லிமீட்டர் நீளமும் 4,200 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மிகச் சிறியது 150க்கு 100. மேசையின் மேல் வைப்பது. நூலின் தடிமன், நெசவின் நெருக்கம், சாயம் வெயிலையும் நீரையும் தாங்கும் திறன், தையல் என ஒவ்வொன்றுக்கும் தரக் கட்டளை உண்டு. எந்த நிலையில் பிழை நேர்ந்தாலும் அது கொடியாகாது.

நான் ஒரு தையற்காரப் பெண்மணியின் அருகில் நின்றேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காவியையும் வெள்ளையையும் சேர்த்துத் தைத்துக் கொண்டிருந்தார். உடன் வந்த நண்பர் மூலமாக, "அம்மா, கொடி தைக்கும்போது மற்றத் துணி தைப்பதைவிட வேறாகத் தோன்றுமா?" என்று கேட்டேன். என் கேள்வியில் இருந்த ஆசையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உருக்கமான பதிலை எதிர்பார்த்தேன். அவரோ தலை நிமிராமலே சொன்னார்: "மற்றத் துணியில் தையல் கோணினால் மறுபடி தைக்கலாம். இதில் கோணினால் துண்டே வீண். அதனால் அதிகக் கவனம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! ஆனால் வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். நாட்டுப்பற்று என்று நாம் மேடையில் முழங்குவதற்கும், தையல் கோணாமல் இருக்க ஒரு பெண் காட்டும் கவனத்திற்கும் எவ்வளவு தூரம்! இரண்டில் எது கொடிக்கு நெருக்கமானது?

விதி மாறியது

2021 டிசம்பர் 30 அன்று கொடி விதிகள் திருத்தப்பட்டன. கையால் நூற்று நெய்த துணியோடு, இயந்திரத்தில் செய்த துணியும் செல்லும். பருத்தி, கம்பளி, பட்டு, கதர் இவற்றோடு பாலியெஸ்டரும் செல்லும் என்று ஆயிற்று. 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம்: சூரியன் மறைந்ததும் கொடியை இறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தளர்ந்து, பொதுமக்கள் தம் வீடுகளில் இரவும் பகலும் பறக்க விடலாம் என்று ஆயிற்று. சூரத்தின் ஆலைகளிலிருந்து பாலியெஸ்டர் கொடிகள் மலைமலையாக வந்தன. பெங்கேரிக்கு வர வேண்டிய ஆர்டர்கள் குறைந்தன. 75ஆம் ஆண்டு விழாவில் வேலை குவியும் என்று காத்திருந்தவர்கள் கை சும்மாயிருந்தது. அதே 2022இல் அவர்கள் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள்.

நான் உடனே கோபப்பட்டேன். ஆனால் நியாயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? கதர்க் கொடியின் விலை பாலியெஸ்டர் கொடியைப் போலப் பல மடங்கு. நாட்டில் உள்ள வீடுகள் அத்தனைக்கும் சில வாரங்களில் கையால் நூற்றுக் கொடி கொடுக்க எந்த ராட்டையாலும் இயலாது. கூலி வேலை செய்பவர் 25 ரூபாய் கொடுத்துத் தம் குடிசையில் ஏற்றிய கொடியை நான் யார் குறை சொல்ல? ஒரு காலத்தில் குடிமகன் நினைத்த நாளில் கொடியேற்றவே உரிமை இல்லை. அந்த உரிமை 2002இல் வந்த கொடி விதித் தொகுப்பால்தான் பரவலாயிற்று. "எல்லாருக்கும் உண்டு" என்று சொல்வது ஆலைக் கொடியின் பெருமை. அதை மறுக்க மாட்டேன்.

என்றாலும் அந்தக் கொடிகளைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் மூன்று நிறமும் ஒரே துணியின் மேல் அச்சிடப்பட்டவை. இணைப்புத் தையல் கிடையாது. கதர்க் கொடியிலோ மூன்று துணிகள் தனித்தனியே சாயமேறி வந்து, பிறகு ஒருவர் உட்கார்ந்து இணைத்த பிறகே ஒன்றாகின்றன. இணைப்பு தானாக வருவதில்லை. யாரோ செய்ய வேண்டியிருக்கிறது. அதன் தடமும் துணியில் தெரிகிறது. மேலும், ராட்டையைக் குறிக்கும் சக்கரத்தைத் தாங்கிய பாலியெஸ்டர் துணியில் ராட்டை தொட்ட இழை ஒன்றுகூட இல்லை. படத்தில் உழைப்பு இருக்கிறது. துணியில் உழைத்தவரைக் காணோம்.

இன்னொரு வேறுபாடு, முடிவில் இருக்கிறது. பருத்தி மங்கும், நைந்து போகும். நைந்த கொடியைத் தனிமையில், மரியாதையுடன், முழுமையாக எரித்தோ வேறு தக்க முறையிலோ அழிக்க வேண்டும் என்பது விதி. செயற்கை இழை எளிதில் மக்குவதில்லை. ஆகஸ்ட் 16 காலையில் நம் தெருக்களில் கிடந்த சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கொடிகளை நீங்களும் மிதிக்காமல் விலகி நடந்திருப்பீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் வந்த தடையில் பிளாஸ்டிக் கொடியும் ஒன்று. எளிதாகக் கிடைப்பது எளிதாக எறியப்படுகிறது. இதில் கொடியின் குற்றம் ஏதுமில்லை.

பாட்டனாரின் கொடி

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்தேன். எங்கள் ஊர் மேலப்பாளையம். ஒரு காலத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்ட ஊர் என்பதை அறிவீர்கள். என் பாட்டனார் கைலி நெய்தவர். 1947இல் பத்திரிகையில் வந்த கொடிப் படத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான பாவை முடித்த பின் இரண்டு கெஜம் வெள்ளைத் துணி தனியாக நெய்தாராம். பாட்டி அதில் சாயமேற்றித் தைத்தார். துணி வெளுக்கும் நீலத்தைக் கரைத்துச் சக்கரம் வரைந்ததும் அவரே. ஆகஸ்ட் 15 அன்று தறிக்கூடத்தின் முன் மூங்கில் கழியில் அது பறந்தது என்று என் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பெங்கேரியில் கற்ற பாடத்தோடு இப்போது அதைப் பரிசோதித்தேன். ஆரங்களை எண்ணினேன்: 22. பாட்டிக்கு இரண்டு விடுபட்டுப் போயிருக்கிறது. மூன்று பட்டைகளும் ஒரே அகலமில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று: அது கதரே அன்று! நெய்தது கைத்தறியில், நூலோ ஆலை நூல். கையால் நூற்ற நூலைக் கையால் நெய்தால்தான் கதர். கைலித் தறிகளில் ஓடியது ஆலை நூல்தானே! எந்தச் சோதனையிலும் தேறாத கொடி என் பாட்டனாரின் கொடி.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கதரின் தூய்மையைப் பற்றி மகனுக்குப் பாடம் நடத்தப் பெட்டியைத் திறந்தவன் நான்! மகனும் வந்து அருகில் அமர்ந்தான். நான் கண்டதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். கோணாத தையலைப் பற்றிச் சொன்னேன். அவன் துணியைத் தடவிக் கொண்டே இருந்தான். ஓரிடத்தில் இழை அறுந்து முடிச்சிட்ட தடம் விரலில் தட்டியது.

"வாப்பா, இதை இவர்கள் யாருக்குக் காட்டுவதற்காகச் செய்தார்கள்?" என்று கேட்டான்.

"யாருக்கும் காட்டுவதற்காக இல்லை என்றே நினைக்கிறேன். அன்று அவர்களுக்கு மகிழ்ச்சி. கையில் தறி இருந்தது" என்றேன்.

முள் அங்கேதான் கழன்றது, வாசகர்களே! பட்டாயினும், கதராயினும், ஆலைத் துணியாயினும், கொடி எதனால் ஆனது என்பது அதன் பொருளில் ஒரு பாதி. பட்டு ஒரு நாளின் பெருமையைச் சொல்லிற்று. கதர் உழைப்பவரின் கூலியைச் சொல்கிறது. ஆலைத் துணி எல்லார்க்கும் எட்டும் எளிமையைச் சொல்கிறது. மறுபாதி, அதை நாம் எந்த நிய்யத்தோடு கையில் எடுக்கிறோம் என்பது. அச்சத்தால் ஏற்றுவதும், பிறர் ஐயத்துக்குப் பதிலாக ஏற்றுவதும் துணியைப் பறக்க விடுவதோடு நின்றுவிடும். இந்த மண்ணில் உழைத்து, நெய்து, தைத்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். நம் பங்கு கொடியின் இழையிலேயே இருக்கிறது. அதை மெய்ப்பிக்க வேண்டிய கடன் நமக்கு இல்லை. காக்க வேண்டிய கடன் உண்டு.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று கொடிகள். 25 ரூபாய்க் கொடியை மகன் துவைத்து மடித்து வைத்திருக்கிறான், எறியவில்லை. பெங்கேரியிலிருந்து தருவித்த கதர்க் கொடி ஒன்று சுதந்திர நாளிலும் குடியரசு நாளிலும் மாடியில் பறக்கிறது. அதன் விலையில் ஒரு பங்கு அந்தப் பெண்மணியின் கூலி என்ற நினைவு எனக்கு நிறைவு தருகிறது. பாட்டனாரின் கொடி வேப்பிலைச் சருகுக்கு நடுவே பெட்டியிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுகிறோம். என் பேத்தி ஒவ்வொரு முறையும் ஆரங்களை எண்ணிப் பார்க்கிறாள்.

"இரண்டு குறைகிறதே! நான் வரைந்து சேர்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.